மொன்டானாவில் ஒரு கடைவாய்ப்பல்

பண்ணை வீட்டுச் சமையலறையில் காலை வெயில் மேசைமீது விழுந்திருக்கிறது. வெய்லன் தன் கடைவாய்ப்பல்லை வேலிக்கம்பி முறுக்கும் குறட்டால் பற்றி இழுக்கிறான். எலும்பு நெரியும் ஓசையுடன் இரத்தம் தெறிக்கிறது. நூறு மைலுக்குள் பல் மருத்துவர் எவரும் இலர். தங்கை கோராவின் முன் இரு பல் மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கைக் கடிதங்கள் கிடக்கின்றன: ஒன்று படிப்புக்குப் பின் மேற்பயிற்சிக்கும் அவளைப் பாஸ்டனிலேயே வைத்துக்கொள்ளும், மற்றது பயிற்சிக்கு இம்மாவட்டத்துக்கே அனுப்பும். “பாஸ்டனுக்கே போடி! பணக்காரன் பல்லுக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு அங்கயே கிட,” என்கிறான். “வாயை மூடாதடா, பாதிப் பல் உள்ளயே நிக்குது,” என்கிறாள் கோரா. அவன் மீண்டும் குறட்டைத் தூக்குகிறான். அவள் அவன் மணிக்கட்டைத் திருகி, குறட்டைப் பிடுங்கி எறிகிறாள், சன்னல் நொறுங்குகிறது. அவன் தலையை மார்போடு இறுக்கி, ஈறில் துணியை அழுத்தியபடி, மறுகையால் இம்மாவட்டத்துக்கு அனுப்பும் இரண்டாம் கடிதத்தில் கையெழுத்திடுகிறாள். வலி பொறாமல் அவன் அவள் விரலைக் கடிக்கிறான்; அவள் கையை எடுக்கவில்லை.