கம்பி சுற்றிய சாடி

லக்‌ஷிகாவுக்கு மூளை கழன்றுவிட்டது என்று முதலில் முடிவு செய்தவன் அவளுடைய புருஷன் லதீசன்தான்.

ஆஸ்பத்திரி லாபில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறவள். ஒரு சனிக்கிழமை, லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் பின்தோட்டத்தில் மூங்கில் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தங்களைக் கழற்றி மிளகாய்க் கன்று நின்ற சாடி மண்ணுக்குள் புதைத்தாள்.

கேட்டால், கம்பி வானத்தில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிக் கன்றுக்குக் கொடுக்குமாம். காந்தம் வேரைத் தட்டி எழுப்புமாம். எல்லாம் ஏதோ வீடியோவில் பார்த்தது.

ஜூன் மாதத்து லண்டன் இலேசில் இருட்டாது. இரவு ஒன்பது மணி வெயில் அந்தச் சுருள்களில் தங்கி நிற்க, தோட்டமே அரைத் தூக்கத்தில் கிடப்பதுபோல இருந்தது. அழகுதான். அதற்காக நம்பிவிட முடியுமா?

"பக்கத்து வீட்டில ஆர் இருக்கிறது எண்டு தெரிஞ்சுகொண்டே இதைச் செய்யிறீரோ?" என்று கேட்டான் லதீசன்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் கிருஷ்ணராசா. முப்பது வருஷம் வயரிங் வேலை செய்தவர். அந்த வட்டாரத்துத் தமிழ்க் கடைகளில் பாதிக்கு லைட் எரிவது அவர் கைவேலையால்தான். கலியாண வீட்டுக்குப் போனாலும், சுவரில் ஒரு பிளக் சரிந்திருந்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு டெஸ்டரை எடுக்கிற ஆள்.

நவம்பரில் மனைவி பியற்றிஸ் செத்துப்போனதிலிருந்து அவர் வெளியே வரவில்லை. லக்‌ஷிகா வாசலில் வைத்த புட்டு அப்படியே காய்ந்து கிடந்தது. லதீசன் மணியடித்தால், கதவுக்குப் பின்னால் நின்றபடியே சுகமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுவார். சமையலறை ஜன்னலில் தெரிந்த முகமோ கிழமைக்குக் கிழமை வற்றிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டால் மனிதர் தப்பமாட்டார் என்று லதீசனுக்குப் பயமாகவே இருந்தது.

அப்படிப்பட்டவரின் கண்ணுக்கு முன்னால் இந்தக் கோமாளித்தனம் தேவையா என்பதுதான் அவனுடைய கோபம்.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்தது. பியற்றிஸின் கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவரைப்போல வேலிவரை வந்தார் கிருஷ்ணராசா.

"பிள்ளை, உது என்ன வயர்? எங்கையிருந்து எங்க போகுது?"

லக்‌ஷிகா சொன்னாள். வானத்தையும் காந்தத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "சேர்க்கிட் இல்லாமல் கரண்ட் ஓடாது. விசர்க்கதை கதையாதை."

"அப்ப பிழை எண்டு காட்டுங்கோ அண்ணை."

காட்டத்தான் வந்தார். வேலியோரம் ஒரே உயரத்தில் இரண்டு மிளகாய்க் கன்றுகள், ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ஒரு சாடிக்குக் கம்பியும் காந்தமும், மற்றதற்கு ஒன்றுமில்லை. மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், கழித்துப் பார்ப்போம் என்றார்.

தினமும் ஏழு மணிக்கு டேப்போடு வந்து அளப்பார். சுவரில் வயர் போகிற இடத்தைக் குறிப்பதுபோல, வேலிப் பலகையில் பென்சிலால் கோடு போடுவார். காலைப் பனி கலையாத தோட்டத்தில் இருவரும் சாடிகளுக்கு மேல் குனிந்து நிற்பார்கள். தூரத்தில் ரயில் போகும்.

வேலிக்கு மேலால் தேத்தண்ணீர் போனது. பிறகு ஒரு கிண்ணத்தில் புட்டு போனது. கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. ஒருநாள் அவர் சால்வையில்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.

மூன்று கிழமை முடிந்தபோது கம்பி சுற்றிய கன்று அரை அங்குலம் கூடுதலாக நின்றது.

அவர் நம்பவில்லை. சாடிகளை இடம் மாற்றி வைத்து, இன்னும் மூன்று கிழமை கேட்டார். அப்போதும் கம்பிக் கன்றுதான் முன்னுக்கு. முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"இதில எங்கையோ ஒரு பிழை இருக்கு. கண்டுபிடிக்காமல் விடமாட்டன்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

லதீசனுக்குப் பாவமாக இருந்தது. முப்பது வருஷத்துத் தொழிலை ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம் தோற்கடிப்பதா? உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதோ என்று, யாருமில்லாத நேரத்தில் அவனும் அந்தச் சுருளை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் அவனுக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் காலை ஷிப்ட். ஐந்தரைக்குக் கீழே இறங்கி வந்தவன், பின்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தான். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், ஈரப் புல்லில் முழங்காலிட்டிருந்தாள் லக்‌ஷிகா. தக்காளிக்கு விடுகிற உரத்தண்ணீரைக் கம்பி சுற்றிய சாடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்றச் சாடிக்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

கதவைத் திறந்துகொண்டு போனான்.

"லாபில வேலை செய்யிற ஆள் நீர். அந்த மனிசனை இப்பிடி ஏமாத்த உமக்கு எப்பிடி மனம் வந்தது? ஷிப்டுக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, ஏழு மணிவரைக்கும் நிண்டு அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போவன்."

அவள் பதறவில்லை. போத்தலின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். பக்கத்து வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கம்பியில ஒண்டுமில்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா அண்ணை இந்தப் போட்டியில வெண்டிட்டாரெண்டால், நாளைக்கு அந்தக் கதவு திறக்காதப்பா."