டிவிடிப் பெட்டிக்குள் ஒரு கடதாசி

வெக்ஸ்போர்ட் அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் தொலைக்காட்சித் திரையில் விழுந்து கார்ட்டூன் அண்ணனையும் தங்கையையும் பாதி மறைக்கிறது. ஒரே குடைக்காக இருவரும் சண்டை பிடிக்கிறார்கள். ஏழு வயது ஆரணி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்பா, நீங்கள் வாங்கின டிவிடி சூப்பர்." ஓம் என்பதுபோல் சுகந்தன் தலையை ஆட்டுகிறான். யூனியன்வில்லில் இருந்து தங்கை தபாலில் அனுப்பிய டிவிடிப் பொதியின் மேலுறையைக் காலையில் கிழித்துக் குப்பையில் போட்டவன் அவன்தான். தங்கை ரதி சாதி மாறிக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்றுதான் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். திரையில் தங்கை குடையை அண்ணனிடம் விட்டுவிட்டு நனைந்துகொண்டு நடக்கிறாள். ஆரணி டிவிடிப் பெட்டியை டக் டக்கென்று திறந்து மூடி விளையாட, அட்டைப் படத்தின் பின்னாலிருந்து ஒரு சின்னக் கடதாசி அவள் மடியில் விழுகிறது. சனிக்கிழமை தவறாமல் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுபவனும் அவன்தான். அவள் விரல் வைத்து எழுத்துக்கூட்டுகிறாள். "அன்பு… மரு… மகளுக்கு… மாமி." அவன் ரிமோட்டைத் தேடுவதுபோல் சோபா இடுக்கில் கையை விடுகிறான். ரிமோட் அவன் மடியிலேயே கிடக்கிறது. "மாமி எண்டால் அப்பான்ர சிஸ்டர்தானே, அப்பா? டீச்சர் படிப்பிச்சவ."