படம் வராத கார்

2005-ஆ, 2006-ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மதிய வெயில் மட்டும் நினைவிருக்கிறது. கோவில்பட்டியில், உச்சிமாகாளியும் அவன் அக்கா புருஷனும் பங்காக நடத்தும் பிரவுசிங் சென்டரில், அந்த அத்தான் மாரிராஜ் விண்டோஸ் சிடியோடு உச்சிமாகாளியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். விண்டோஸுக்குப் பதிலாக உச்சிமாகாளி இரண்டு மாதம் பாடுபட்டு ஏற்றிய இலவச லினக்ஸில் இன்று கார் பந்தய விளையாட்டு ஓடாவிட்டால், எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதை அழித்துவிடுவதாகப் பேச்சு. எஞ்சின் உறுமுகிறது; திரை கறுப்பாகவே கிடக்கிறது. வாசல் வெயில் பட்டு, அந்தக் கறுப்பில் மாரிராஜின் முகம்தான் தெரிகிறது. “ஏலே, காரு எங்க?” “சத்தம் வருதுல்லா அத்தான், படமும் வந்துரும்.” சத்தத்தைக் கூட்டினால் படம் வந்துவிடும் என்பதுபோல் அவன் ஸ்பீக்கரைத் திருகுகிறான். “சத்தம் கேக்க ரேடியோ போதாதால? எந்திரி.” காத்திருக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் சிரிக்கிறார்கள். உச்சிமாகாளி எழவில்லை. அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மாரிராஜ் சிடியைச் செருகி ரீசெட் பட்டனை அழுத்துகிறார். உறுமல் பாதியில் அறுபடுகிறது.

அதன்பிறகு பங்கு பிரிந்து, மாரிராஜ் ஆறு வருடம் அந்தக் கடையைத் தனியாக நடத்தினார். உச்சிமாகாளி இப்போது கயத்தாறில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். அக்கா வீட்டு விசேஷங்களுக்கு அவன் போவதில்லை.