இரண்டாம் முறை அறுத்த வலை

திரையில் முதலில் அவன் கைதான் தெரிந்தது.

கத்தி பிடித்த கை. வலையை அறுக்கிறது. கண்ணிகள் அறுந்து விலக, சாம்பல் நிற முதுகு ஒன்று தண்ணீருக்குள் சரிகிறது. கீழே. இன்னும் கீழே.

கூட்டம் கைதட்டியது.

சென்னையில் ஒரு பெரிய ஓட்டல். ஏசி குளிர் எலும்பு வரை இறங்கியது. ஆவுளியா என்கிற கடல்பசுவைக் காப்பாற்றப் பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் மேடையில், பொன்னாடை வழுக்க வழுக்க, நின்றான். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

மீனவர் நம்புவேல், ஆவுளியாவை உயிரோடு விட்டவர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

உயிரோடாம்.

முதல் தடவை அறுத்தபோது அதற்கு நல்ல உயிர் இருந்தது. பாதி வலை விலகியதுமே வாலால் ஓர் அடி அடித்தது பாருங்கள், வள்ளமே ஆடிப்போயிற்று. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ தாயி, புல்லு மேயப் போ என்று அதன் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான்.

அப்போதுதான் மச்சான் களஞ்சியம் போனைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தான். வீடியோ ஓடவே இல்லை.

வலையை அறுப்பதிலிருந்து அது நீந்திப் போவது வரைக்கும் விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் விட்டுப்போனால் கணக்கில் வராது. பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் போட்ட சட்டம் அது. ஊர்க்கூட்டத்தில் படித்துப் படித்துச் சொன்னவள் மெர்லின், கடல்பசுத் திட்டத்தில் வேலை பார்க்கிற பெண். வெயில் மழை பாராமல் வருவாள். அண்ணே அண்ணே என்று உரிமையோடு சோறு கேட்டுச் சாப்பிடுவாள். இந்த வருசம் இந்தக் கரையிலிருந்து ஒரு வீடியோகூடப் போகவில்லை, இப்படியே இருந்தால் திட்டம் வேறு கடலுக்குப் போய்விடும், அப்புறம் இந்தக் கடல்புல்லையும் ஆவுளியாவையும் கேட்க நாதியில்லை என்று போன வாரம்தான் அவன் வீட்டில் உட்கார்ந்து அழுதிருந்தாள்.

அந்த அழுகை அவன் காதிலேயே இருந்தது.

விலகிய வலையை இழுத்து அதன் மேல் மறுபடி போட்டான்.

ஒரு நிமிச வேலைதானே என்று நினைத்தான். களஞ்சியத்தின் ஈர விரலுக்குப் போன் திறக்கவில்லை. துடைக்கத் துணியைத் தேடினால் எல்லாம் நனைந்து கிடக்கிறது. தலைமுடியில் துடைத்தான், மறுபடி அமுக்கினான், மறுபடி துடைத்தான்.

ஆவுளியா மீன் இல்லை. அதற்கும் நம்மைப் போல மூச்சு. மேலே வந்து மூக்கை நீட்டியாக வேண்டும்.

மூன்று தடவை வரப் பார்த்தது.

மூன்று தடவையும் வலை தலையை அமுக்கியது. அந்த இழுப்பு அவன் உள்ளங்கையில் தெரிந்தது. நாலாவது இழுப்பு வரவில்லை. சரி, அடங்கிவிட்டது, வீடியோ எடுக்கத் தோதாக இருக்கும் என்று நினைத்தான். முப்பது வருசம் கடலில் கிடந்தவனுக்கு வந்த புத்தி அது.

போன் திறந்தது. அறுத்தான். அது போனது.

அதன் வால் அசையவில்லை.

மூன்றாம் நாள் தெற்குக் கரையில் ஒதுங்கியது. யார் கண்ணிலும் படுவதற்குள் அவனும் களஞ்சியமும் குழி வெட்டினார்கள். உருட்டித் தள்ளும்போது மார்க்காம்பைப் பார்த்தான். குட்டி குடித்த காம்பு. மண்ணைத் தள்ளிக்கொண்டே களஞ்சியம் விசும்பினான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. யாரிடம் சொல்ல? பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். வாயைத் திறந்து அந்த மெர்லின் பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே என்றாள் அவள். அதுவும் நியாயம்தான். இந்தக் கூட்டம் நல்லபடியாக முடிந்தால் இன்னும் மூன்று வருசத்துக்குத் திட்டம் உறுதி என்று ரயிலில் வரும்போது மெர்லின் சொல்லியிருந்தாள். குழந்தை மாதிரி அவள் முகம் பூத்திருந்தது.

இப்போது அவள் மைக்கோடு பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளைக்கார அம்மாள் இங்கிலீசில் என்னவோ கேட்டார்.

"அதை விட்டப்போ ஒங்களுக்கு எப்பிடி இருந்துச்சுன்னு கேக்குறாங்கண்ணே."

சந்தோசமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. ரயிலிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தான்.

முதுகுக்குப் பின்னால் வீடியோ மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. சாம்பல் முதுகு சரிந்தது, இறங்கியது. திரும்ப முதலிலிருந்து அவன் கை வந்தது. எத்தனை தடவைதான் அதைச் சாகடிப்பது?

"அது செத்துப்போச்சு மெர்லினு. வீடியோவுக்காக நாந்தான் புடிச்சு வச்சிருந்தேன்."

பின்வரிசைகளில், தமிழ் தெரிந்தவர்கள் பக்கம், சத்தம் நின்றது. ஒருவர் செருமினார்.

மெர்லின் அவனையே பார்த்தாள். உதடு மட்டும் அண்ணே என்றது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. விடாமல் எடுக்கணும் என்று சொன்னது யார் என்பது உட்பட. ஐயோ, அந்தப் பிள்ளையை இப்படி நிறுத்திவிட்டேனே.

முன்வரிசையில் எல்லோரும் இன்னும் சிரித்த முகமாக இருந்தார்கள். வெள்ளைக்கார அம்மாள் கைதட்டத் தயாராக இரு கைகளையும் உயர்த்தி வைத்துக்கொண்டு, மெர்லின் இங்கிலீசில் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.

மெர்லின் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.