இன்னும் கொஞ்சம் சத்தம்

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்களேன்."

மனைவி சொன்னதும் கணவர் குமிழைக் கடைசிவரை திருகினார். ரெக்கார்டு பிளேயரின் மரப்பெட்டி கிடுகிடுத்தது. அவள் வழக்கம்போல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் வாங்கியது. ஸ்பீக்கரும் அந்தப் பெட்டிக்குள்ளேதான். ஊசி தேயும் முன்பே மாற்றிவிடுவார். மோட்டாருக்குத் தவறாமல் எண்ணெய் விடுவார். அப்படியும் கொஞ்ச நாளாக அவளுக்குச் சத்தம் பற்றவில்லை.

"இதுக்கு வயசாயிடுச்சு. புதுசு வாங்கிடலாமா?" என்றார், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

பதில் இல்லை. 'கோபமாக்கும்!' என்று முன்னால் வந்து, தோளைத் தொட்டு மறுபடி கேட்டார்.

"ஐயோ, எதுக்குங்க? இதுவே போதும். சத்தத்தை மட்டும் கூட்டுங்க."

"இதுக்கு மேல கூட்டணும்னா நானேதான் பாடணும்!"

அவள் சிரித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். செலவுக்குத் தயங்குகிறாள் என்று நினைத்தார்.

மறுநாளே பழையதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"ஒரே பெட்டியில இருந்தா ஸ்பீக்கரோட ஆட்டம் ஊசிக்கும் போகும் சார். ஊசி அதையும் பாட்டுன்னு நினைச்சு வாசிக்கும்," என்று விளக்கினார் கடைக்காரர். "இந்தப் புதுசுல ஸ்பீக்கர் தனி. பிளேயருக்கு அடியில ரப்பர் கால். மேல தண்ணி டம்ளரை வைங்க, அலைகூட அடிக்காது."

"பழசு?"

"பிரிச்சு பார்ட்ஸ் எடுத்துக்குவேன்."

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்ததும் இவர் பழைய பெட்டியை ஒருமுறை தடவினார். 'அவளுக்காகத்தானே' என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டில் புதிய பிளேயரில் அவளுக்குப் பிடித்த இசைத்தட்டைப் போட்டார். பாடகி மூச்சிழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. குமிழைப் பாதி திருகியதற்கே பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே, "சார், கொஞ்சம் குறைங்க!" என்றார்.

மனைவியைக் கூப்பிட்டார். வரவில்லை. 'இன்னும் கோபம் தீரல' என்று சமையலறைக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அவள் உட்கார்ந்து, புதிய பிளேயர்மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை நகர்த்தி விளிம்பில் வைத்தாள், பிறகு பக்கவாட்டில்.

"பார்த்தியா? துளி ஆட்டம் இல்ல!" என்றார் பெருமையாக.

அவள் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா இருக்குங்க," என்றாள். "எப்போ பாட்டுப் போடப் போறீங்க?"

குமிழை நோக்கிப் போன அவர் கை பாதியில் நின்றது. பாடகி இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள்.