ஐஸ் வைத்த முழங்கால்

காலையில் ஐரிஷ்காரர் தங்கள் மாவட்டப் பெயர்களைச் சொல்லித் தங்கள் நாட்டுக் 'கேலிக்' பந்தாட்டம் ஆடிய கனடாவின் ஸ்காபரோ மைதானத்தில், அவர்களுடைய உயரமான கோல் கம்பங்களின் நிழல் இப்போது புல்லில் நீண்டு கிடக்கிறது. எண்பத்தேழாம் ஆண்டுக் கோடை. இந்த மாலை உதைபந்தாட்டத்தில் மோதுவது யாழ்ப்பாணத்தின் இரண்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். கோட்டுக்கு வெளியே ஒரு ஊர் அணியின் பொறுப்பாளர் பத்மநாதன் முழங்காலில் நிற்கிறார். அவருக்கு முன்னால் அவருடைய ஆட்டக்காரன் குகதாசன், வலது காலை நீட்டியபடி. முழங்கால் வீங்கி மினுங்குகிறது. பூசிய தைலம் வெயிலில் மணக்கிறது. ஆட்டம் சமநிலை. எதிரணிப் பொறுப்பாளர் விநாயகமூர்த்தி சோடாப் பெட்டியிலிருந்த ஐஸைப் பொலித்தீன் பையில் அள்ளிக்கொண்டு ஓடி வருகிறார். "பெடியனை வெளியில இருத்துங்கோ அண்ணை. காலைப் பழுதாக்கிப்போடாதேங்கோ." "ஓம், அவன் வெளியில இருந்தால்தானே நீங்கள் கோப்பை தூக்கலாம்," என்கிறார் பத்மநாதன். விநாயகமூர்த்தி பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். "அங்கிள், நான் இறங்கட்டோ?" என்று குகதாசன் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். பத்மநாதனின் விரல்கள் பண்டேஜை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்குகின்றன. அவன் பல்லைக் கடிப்பதைப் பார்க்காமலிருக்க, குனிந்து அவனுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருக்கிறது. சனம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. நொண்டியபடி உள்ளே போகிறவன் அவரைத் திரும்பிப் பார்த்து, நன்றி சொல்வதுபோலச் சிரிக்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். பத்மநாதனும் எழும்பித் தட்டுகிறார். ஐஸ் பையில் உரசி நனைந்த அவருடைய முழங்கால் குளிர்கிறது.