ஜெபசிங்கின் ஊக்கக் கண்ணாடி

சாலிகிராமத்தில் வீட்டுக்கு வீடு ஊக்கக் கண்ணாடி வந்துவிட்டது. நேற்று நீங்கள் பார்த்த வேலையை வைத்து, இருபத்தைந்து வருடம் கழித்து என்ன ஆவீர்கள் என்று காலையில் காட்டும். கண்ணாடியில் தெரியும் அந்த வருங்காலக் கிழவர் உங்களோடு பேசவும் செய்வார்.

இசைத் தயாரிப்பாளர் ஜெபசிங் பதினோரு வருடமாகப் பிடித்த பிடியை விடாதவர். ஒரே ஒரு டிரம் அடியை நாலாயிரம் தடவை அவர் சரிசெய்த மறுநாள், கண்ணாடிக் கிழவர் கழுத்து ஒடிகிற அளவுக்குப் பதக்கங்களோடு வந்தார்.

"விட்டுடாதே தம்பி! நிலாவுல நமக்குக் கச்சேரி இருக்கு!"

மனைவி பியூலா எட்டிப் பார்த்தாள். "பெரியவரே, நான் எங்கே?"

"நீங்க யாரும்மா?"

பியூலா நேரம் பார்த்திருந்தாள். ஜெபசிங் ஹெட்போனை மாட்டியதும், ஃபியூஸைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள்.

"கரண்ட் போச்சுங்க. வாங்க, பீச்சுக்குப் போலாம்."

மறுநாள் பதக்கத்தைக் காணோம். கிழவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் மைக் செட்டுக்காரராக "ஹலோ, செக், செக்" என்றுகொண்டிருந்தார். நரைத்த பியூலா அவர் வாயில் வடையைத் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற பியூலாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஒரு நாள் கரண்ட் போனதுக்கா இந்தக் கதி?" என்று ஜெபசிங் அலறினார்.

"கரண்ட் எங்கேடா போச்சு? ஃபியூஸைப் பிடுங்கினது இவதான்," என்றார் கிழவர். "நேத்துதான் ஒத்துக்கிட்டா."

ஜெபசிங் மெதுவாகத் திரும்பினார். பியூலாவோ கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"அடிப்பாவிக் கிழவி! இருபத்தஞ்சு வருஷம் வாயை மூடிட்டு இருந்தவளுக்கு, இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலையா!"